நர்ஸம்மாவை அடித்த வருஷம்

என் வயசுக்காரர்களே, உங்களில் யாருக்காவது அந்த விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? இருந்தாலும் வாய் திறக்க மாட்டீர்கள். ஐம்பது தாண்டியும் நானும் திறந்ததில்லை.

பொழுது சாய்கிற நேரம். வலை காயப்போடும் மணல் மேட்டில் நாம் கூடுவோம். நம்மில் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் கண் தெரியாது. வெயில் இறங்கினால் கோழிக்கும் தெரியாதே, அதனால் அவர்களுக்கு ‘கோழி’ என்று பேர் வைத்திருந்தோம். ஒரு கோழியை நடுவில் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுவோம். மணலெல்லாம் உடைந்த சிப்பியும் நண்டு ஓடும். விழுந்தால் முட்டி கிழியும். எழுந்து கையை வீசிக்கொண்டு துழாவும்போது இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொருவர் தள்ளுவார். அழுதால் சிரிப்போம்.

அதிகம் தள்ளியவள் நான்தான். ஒரு தடவை என் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தள்ளிவிட்டதில், அவள் படகின் விளிம்பில் முகத்தை மோதிக்கொண்டாள். முன்பல் இரண்டும் போய்விட்டன. உங்களில் ஒருத்தி அவள். அவள் வாயிலிருந்து கொட்டிய ரத்தம் எனக்குத் தெரியவில்லை. அவள் அலறியதைத்தான் கேட்டேன். அந்தத் தை மாசத்திலிருந்து எனக்கும் சாயங்காலமானால் கண் மங்க ஆரம்பித்திருந்தது. தள்ளுகிறவளை யாரும் கோழி என்று சந்தேகப்பட மாட்டார்கள். அதனால்தான் முந்திக்கொண்டு தள்ளினேன்.

நம் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் சின்ன வயதில் அப்படித்தான் இருந்ததாம், பெரியவனானால் சரியாகிவிடுமாம். நாம் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா விடிந்ததிலிருந்து ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். நாள் முழுக்கக் கடித்துக் கடித்து அவள் தாடை ஆம்பளைத் தாடை மாதிரி இருக்கும். அந்த இறாலில் ஒன்றுகூட வீட்டுக்கு வராது. கரையிலேயே வியாபாரி ஐஸில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நண்டும் முட்டையும் அதே வழிதான். வீட்டில் மிஞ்சுகிற பொடிமீன் குழம்பு ஆம்பளைகளுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு மீன் கொடுத்தால் மாந்தம் வரும் என்று கஞ்சியும் உப்பும் மட்டும்தான். எங்கள் வாசலில் முருங்கைமரம் ஒன்று இருந்தது. அதன் கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிற்றாலே போகும் என்று ஆட்டுக்குத்தான் ஒடித்துப் போட்டார்கள். ஆட்டுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

அம்மாவும் நைனாவும் தவிர வீட்டில் நைனாவின் தம்பியும் இருந்தார். அவரைச் சின்ன நைனா என்று கூப்பிடுவோம். ஏழெட்டு வருஷம் முந்தி, அவருக்குக் கல்யாணமாகி மூன்றே மாசம் ஆகியிருந்தபோது, வலைக்கு நூல் வாங்கப் போனவரை ரயிலடியில் மடக்கி ஒரு வேனில் ஏற்றினார்களாம். எந்த ஊர், யார் என்றெல்லாம் அவருக்கும் தெரியாது. “எனக்கு இன்னும் கொழந்தையே பொறக்கலீங்க”னு கத்தியிருக்கிறார். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். வரும்போது ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து அனுப்பினார்களாம். சின்னம்மா இரண்டு வருஷம் பார்த்துவிட்டுத் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அந்த வாளியை அவர் தூக்கி எறியவில்லை. படகில் தண்ணீர் இறைக்க வைத்திருந்தார். தினமும் அதைக் கையில் எடுத்தார்.

முதலில் அவர் தோளில் நான்தான் இருந்தேன். நான் தரையில் நடந்ததே இல்லை என்று அம்மா சொல்லுவாள். எனக்கு எட்டு வயதானபோது தம்பி பிறந்தான். அதற்கப்புறம் அந்தத் தோள் அவனுக்குப் போய்விட்டது. “இவன் எம் புள்ள, யாரும் தொடாதீங்க”னு சொல்லிக்கொண்டே சின்ன நைனா அவனைத் தூக்கிக்கொண்டு திரிவார். தம்பிக்கு அந்த வருஷம் இரண்டு வயது. வயிறு பெருத்து, முடி செம்பட்டை பாய்ந்து, கண்ணின் வெள்ளையில் மீன் செதில் ஒட்டினாற்போல ஒரு நுரைப் புள்ளி இருந்தது. அது அதிர்ஷ்ட மச்சம் என்றார் சின்ன நைனா.

மாசி மாசம் ஒரு காலையில் நர்ஸம்மா வந்தார். ஏரிக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து படகில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோளில் நீல நிறப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டபடி தண்ணீரில் நடந்து வந்தார். தட்டம்மைக்குப் புதிதாக ஊசி வந்திருப்பதாகவும், சின்னப் பிள்ளைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லியும் மணல் மேட்டில் நின்று கூப்பிட்டார். நாலைந்து பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அம்மாவும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நர்ஸம்மா தம்பியின் கண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளைக்கு ஊசியோட சத்து மருந்தும் குடுக்கணும். கண்ணு கெட்டுப் போவுது, தெரியுதா?” என்றார்.

அப்போதுதான் ஆம்பளைகள் கடலிலிருந்து திரும்பினார்கள். படகிலிருந்து குதித்து முதலில் வந்தவர் சின்ன நைனா.

“இன்னாத்துக்கு வந்துகீற?”

“அம்மை ஊசிங்க. கொழந்தைங்களுக்கு...”

“எனக்குப் பண்ணது போதாதுன்னு எம் புள்ளைக்கும் பண்ண வந்துட்டியா?”

“ஐயோ, அது வேற இது வேறங்க. நா சொல்றத...”

அவர் சொல்லி முடிக்கவில்லை. சின்ன நைனா துடுப்பை ஓங்கினார். நர்ஸம்மா கையைத் தூக்கித் தடுத்தார். காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற சத்தம் கேட்டது. அது துடுப்பு என்று நினைத்தேன். அவர் கைதான். அதற்கப்புறம் எல்லோரும் பாய்ந்தார்கள். ஆம்பளைகள் மட்டும் இல்லை. சற்று முன்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பெண்களில் ஒருத்தியும், புருஷன் வந்துவிட்டான் என்றதும் ஈர மணலை அள்ளி அவர் வாயில் அடைத்தாள். ஒருவர் முதுகில் உதைத்தார். புடவை கிழிந்தது. நைனா அந்த நீலப் பெட்டியைத் தூக்கிப் படகின் மூக்கில் அடித்தார். அது இரண்டாகப் பிளந்தது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் மணலில் சிதறின. கூடவே ஐஸ் கட்டிகள்.

நாம் என்ன செய்தோம்? ஐஸுக்குப் பாய்ந்தோம். வியாபாரியின் ஐஸை ஒரு துண்டு தொட்டாலே அடி விழும். இது சும்மா கிடந்தது. ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் பிடுங்கிக் கடித்தோம். நான் ஒருவன் விரலை மிதித்து அவன் கட்டியைப் பறித்தேன். நான் பாதி உறிஞ்சிவிட்டு மீதியைத் தம்பி வாயில் வைத்தேன். அவன் குளிரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தான். மணலில் விழுந்து கிடந்த நர்ஸம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, “கண்ணாடி இருக்கும்டி, பாத்துத் தின்னுங்க” என்றார்.

அவரைத் தூக்கிப் படகில் போட்டவள் அம்மா. போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் அம்மாவின் புடவைத் தலைப்பை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, “புதன்கெழமை ஆஸ்பத்திரிலயே போடுவாங்க. அந்தக் கண்ணு வீணாப்போவும்மா. எப்படியாவது எடுத்துக்கினு வா” என்று சொன்னதை நான் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து போலீஸ் வந்தது. சின்ன நைனாவையும் இன்னும் ஒருவரையும் கொண்டுபோய், உள்ளங்காலில் அடித்து, மூன்றாம் நாள் அனுப்பியது. நடக்க முடியாமல் தவழ்ந்து வந்த சின்ன நைனாவைப் பார்த்தபிறகு, ஊசியின் பேரை எடுக்கவே ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அடி வாங்கியவர் பேச்சுக்கு அன்றைக்கு இருந்த மதிப்பு தனி.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் கிணற்றடியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தேன். சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போவதாக நைனாவிடம் சொல்லிவிட்டு, அத்தை வீட்டுச் சின்னப் படகில் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. “யார்கிட்டயும் மூச்சு வுடாத” என்றாள் அம்மா. “எம் படகு போவுதுன்னு தெரிஞ்சா என்னியே வெட்டிப் போடுவாங்க. நா ஏன் சொல்றேன்” என்றாள் அத்தை.

புதன்கிழமை காலையில் அம்மா கிளம்பியதும் நான் சின்ன நைனாவிடம் போய்ச் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? தம்பிக்கு ஊசி போட்டால் செத்துவிடுவான் என்று பயந்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் சின்ன நைனா வீங்கிய காலோடு எழுந்து, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “நீதாண்டி எம் பொண்ணு” என்றார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தோள். அதற்காகத்தான் சொன்னேன்.

அவரும் நைனாவும் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். நடு ஏரியில் அம்மாவைப் பிடித்தார்கள். மத்தியான வெயில். அங்கே தண்ணீர் மார்பளவுதான். எங்கள் படகு அம்மாவின் படகில் மோதியதும் அது கவிழ்ந்தது. தம்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அம்மா தண்ணீரில் நின்றாள். சின்ன நைனா அவனைப் பிடுங்கி என் மடியில் போட்டார். நைனா தண்ணீரில் குதித்து அம்மாவின் தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். தூக்கினார், கேள்வி கேட்டார், மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை தூக்கும்போது அம்மா அவர் மணிக்கட்டைக் கடித்தாள்.

நைனா போட்ட சத்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அம்மா விடவில்லை. நைனா இன்னொரு கையால் அவள் கண்ணிலும் கன்னத்திலும் குத்தினார். விடவில்லை. சின்ன நைனா கழியால் அவள் தோளில் அடித்தார். விடவில்லை. அவளைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது. கடைசியில் தானாக வாயைத் திறந்தபோது, ஒரு வார்த்தைதான் பேசினாள்: “கொல்லுங்க.”

யாரும் கொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நைனாவின் கை ஒரு மாசம் வலை இழுக்கவில்லை. அம்மாவின் இடது கண் பத்து நாள் திறக்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு அவள் செய்த முதல் காரியம், நேராக அத்தை வீட்டுக்குப் போய் அவளைக் கொண்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்ததுதான்.

“நீதானேடி சொன்ன? ஒன்ன நம்பித்தானே சொன்னேன்!”

“எங்கொழந்தைங்க மேல சத்தியமா நா சொல்லலக்கா...”

அம்மா அவளை மணலில் தள்ளி, மேலே உட்கார்ந்து அடித்தாள். அத்தை திருப்பி அடிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு, “நா சொல்லலக்கா, நா சொல்லலக்கா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காதிலிருந்த கம்மல் சதையோடு பிய்ந்து வந்தது. நான் முருங்கைமரத்தடியில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினைந்து நாளில் அம்மை வந்தது. வடக்குத் தெருவில் முதல் பிள்ளை. அப்புறம் தினமும் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். மணலைத் தூவியது போல உடம்பெல்லாம் சிவந்து பொரிந்தது. வீட்டுக்குள் ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கூடாது, மீன் கூடாது, எண்ணெய் கூடாது. ஏற்கெனவே ஒன்றும் தின்னாத பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீரும் நின்றது. நம்மோடு கோழி விளையாடியவர்களின் தம்பி தங்கைகள் எத்தனை பேர் அந்தப் பங்குனியில் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் தெருவிலிருந்து மட்டும் நாலு. நாலு பேரையும் ஏரிக்கரை மணலில் புதைத்தார்கள். பள்ளம் தோண்டத் தோண்ட உப்புத் தண்ணீர் ஊறியது.

தம்பிக்கு வந்தது மூன்றாவது வாரம். சுரம் கொதித்தது. சின்ன நைனா தொழிலுக்குப் போகாமல் அவன் பக்கத்திலேயே கிடந்தார். வேப்பங்கொத்தால் வீசிக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் பொரிந்ததெல்லாம் தவிடு மாதிரி உதிர்ந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் தம்பி கண்ணைத் திறக்கவில்லை. வெளிச்சம் பட்டால் வீறிட்டான். பத்தாம் நாள் காலையில் சின்ன நைனா அவனை மடியில் போட்டுக்கொண்டு, விரலால் இமையை மெதுவாக விலக்கினார்.

கறுப்பு விழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. வெந்த மீனின் கண்ணைப் பார்த்திருப்பீர்களே, அப்படி.

சின்ன நைனா எழுந்து போய் வீட்டு நடுக்கம்பத்தில் நெற்றியை மோதினார். ஒரு தடவை இல்லை. கூரை அதிர்ந்தது. நைனா பிடித்து இழுத்தபோது அவரை ஒரே அறையில் கீழே தள்ளிவிட்டு, நெற்றி ரத்தம் தம்பி மேல் சொட்டச் சொட்ட அவனை வாரிக்கொண்டு கரைக்கு ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடிப் படகில் ஏறினாள். நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு, கழுத்திலிருந்து தூளி. சின்ன நைனாவைப் பார்த்ததும் வாட்ச்மேன் தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். முதுகில் இரண்டு போட்டார். சின்ன நைனா நிற்கவில்லை. நேராகப் போய்த் தம்பியை நர்ஸம்மா முன்னாலிருந்த மேஜையில் படுக்கவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நர்ஸம்மா எழுந்தார். இடது கையால் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். வாட்ச்மேனே திகைத்துப்போய்த் தடியை இறக்கிவிட்டார். அறைந்த கையாலேயே நர்ஸம்மா தம்பியின் இமையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கண். அப்புறம் மற்றொரு கண்.

“இது போச்சு” என்றார். “இன்னொண்ணு பாக்கலாம். வாயப் புடிங்க.”

ஆரஞ்சு நிற மருந்து ஒன்றைச் சின்னக் கரண்டியில் ஊற்றித் தம்பி வாயில் விட்டார். எண்ணெய் வாசனை அடித்தது. பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் கண்ணையும் பார்த்தார். “சாயங்காலம் கண்ணு தெரியுதா ஒனக்கு?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “பொய் சொல்லாத” என்று எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். பெரிய டாக்டர் வந்து பார்த்து, பட்டணத்துக்கு அனுப்பி, அங்கே பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். வலது கண் பிழைத்தது. எனக்கோ இரண்டே நாளில் சாயங்காலம் திரும்பக் கிடைத்தது. எல்லாம் தெரிந்தது. தம்பியின் முகமும் தெரிந்தது.

சித்திரையில் நர்ஸம்மா மறுபடி நம் ஊருக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தனக்கு நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லி, வரச் சொல்லிக் கேட்டவர் சின்ன நைனா. அவர் காலையிலேயே துடுப்போடு கிளம்பி வீடு வீடாக ஏறினார். வரமாட்டேன் என்றவர்களை அடித்தார். ஒருவரின் தாடையைப் பெயர்த்தார். தாய்மாரைத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளைப் பிடுங்கினார். நர்ஸம்மா படகிலிருந்து இறங்கும்போது, மணல் மேட்டில் எட்டு பிள்ளைகளை வரிசையாகக் கையை முறுக்கிப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முன்பு நர்ஸம்மாவை அடித்தவர்கள்தான். பிள்ளைகள் கத்தின. பெற்றவர்கள் ஒரு பக்கம் கதறினார்கள்.

நர்ஸம்மா புதுப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“இன்னாய்யா இது?”

“போடுங்கம்மா. எவன் தடுக்கறான்னு நா பாக்குறேன்” என்றார் சின்ன நைனா.

“ஒன்ன இப்படித்தானே புடிச்சாங்க?” என்றார் நர்ஸம்மா. மெதுவாகத்தான் கேட்டார். “கையக் கால நாலு பேர் புடிச்சுக்கினு, இப்படித்தானே?”

சின்ன நைனா கையிலிருந்த துடுப்பைப் பார்த்தார்.

“வுடு அவங்கள. வுடச் சொல்லு. அந்தத் துடுப்பக் கொண்டுபோய்ப் படகுல வை. மூணு மணிக்குத்தான் எனக்குப் படகு. அது வரிக்கும் இங்கியே குந்தியிருப்பேன். தானா வர்றவங்க வரட்டும்.”

பிள்ளைகளை விட்டார்கள். எல்லாம் சிதறி ஓடின. சின்ன நைனா துடுப்பைப் படகில் வைத்துவிட்டு, தானும் அதிலேயே ஏறித் தண்ணீர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் முதுகு குலுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. ஒரு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. அப்போது அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதல் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் முகத்தைத் திருப்பி, இடது இமையை விரலால் விலக்கிக் காட்டினாள். அடுத்த வீட்டிலும் காட்டினாள். தம்பி அழுதான். அவள் நிறுத்தவில்லை. தெருவில் ஒரு வீட்டை மட்டும் அவள் தாண்டிப் போனாள். அத்தை வீடு. அத்தை தானாகவே தன் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, கிழிந்த காதோடு, முதல் ஆளாக மணல் மேட்டுக்கு நடந்தாள். மூன்று மணிக்குள் பாதி ஊர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை.

அத்தையோடு அம்மா அதற்கப்புறம் பேசி நான் பார்த்ததில்லை. நான் கல்யாணமாகிக் கோட்டைக்குப்பம் வந்தேன். நைனா போனார், சின்ன நைனா போனார், அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

போன மாசம் ஒரு புதன்கிழமை தம்பி போன் பண்ணி மீஞ்சூருக்கு வரச் சொன்னான். அவன் அங்கே ஒரு கம்பெனியில் காவலாளி. அவன் மகளுக்கு ஒன்பது மாசக் குழந்தை. ஊசியே போடக்கூடாது என்று மருமகன் நிற்கிறான், போனில் எதையோ பார்த்துவிட்டான். “எஞ் சொல்லு எடுபடல. நீ வந்து சொல்லுக்கா” என்றான். போனேன். மருமகனை உட்காரவைத்து, உங்களுக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். படகு வரைக்கும் வந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் நிற்கவில்லை. “சின்ன நைனாகிட்ட சொன்னது அத்த இல்ல. நாந்தான்” என்று தம்பியைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

மகள் குழந்தையை ஆட்டுவதை நிறுத்தினாள். தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“தெரியும்” என்றான்.

“யார் சொன்னது?”

“சின்ன நைனா சாவறதுக்கு முந்தி அம்மாகிட்ட சொல்லிட்டாரு. அன்னிக்கே அம்மா அத்த ஊட்டுக்குப் போய் கால்ல வுழுந்துச்சு. நாந்தான் இட்டுக்கினு போனேன். ஒங்கிட்ட கேக்கக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. நீயா சொல்லணும்னு சொல்லுச்சு.”

அதற்கப்புறம் அம்மா பத்து வருஷம் உயிரோடு இருந்தாள். வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தேன். தலை வாரிவிட்டேன். கடைசியில் வாயில் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வயசானவர்கள் பார்ப்பது அப்படித்தான் என்று நினைத்தேன்.

மகள் எழுந்து குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். “ஒரு மணி வரிக்குந்தான் போடுவாங்க” என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். மருமகன் மாமனாரின் இடது கண்ணைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அப்புறம் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினான். மூவரும் கிளம்பிப் போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நானும் தம்பியும் மட்டும் இருந்தோம்.

“அத்த இருக்குதா?” என்று கேட்டேன்.

“இருக்குது. பையன் ஊட்ல. நாளைக்கு எனக்கு லீவுதான், இட்டுக்கினு போறேன்.” எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: “அதுக்கு நட ஓஞ்சுபோச்சு. காது நல்லா கேக்குது.”